காஸ்திலியோனேயின் முகமும் அதைப் பிரதி எடுத்த கைகளும்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 82 சென்டிமீட்டர் உயரமும் 67 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஓவியம் இருக்கிறது. தாடி வைத்த ஒருவர் சற்றே திரும்பி உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார். கறுப்புத் தொப்பி, கறுப்புச் சட்டை, கைகளிலும் மார்பிலும் சாம்பல் நிற அணில் ரோமம், கழுத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளைத் துணி, நீலக் கண்கள். பின்னணியில் ஜன்னலோ திரைச்சீலையோ மலையோ கிடையாது. வெளிறிய மண் நிறம் மட்டும்தான். அதன்மேல் அவருடைய நிழல் மெல்லியதாக விழுந்திருக்கிறது. 1514–15 குளிர்காலத்தில் ரோமில் ரஃபேல் தீட்டிய பால்தசாரே காஸ்திலியோனேயின் உருவப்படம் இது.

எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டப் பழகுகிறவர் எந்தப் பழைய படத்தைப் பிரதி எடுத்துக் கற்கலாம் என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் இதைச் சொல்வேன். இதில் நிறங்கள் குறைவு, அலங்காரம் இல்லை. கற்கிறவரின் கவனம் சிதற வழியே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஐந்நூறு ஆண்டுகளில் இந்தப் படத்தின் முன்னால் மாணவர்களாக நின்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். அவர்களில் சிலர் ரஃபேலுக்கு இணையாகவே வைத்துப் பேசப்படுகிறவர்கள்.

ரஃபேல் உர்பினோவில் பிறந்தவர். அவர் தந்தை ஜொவான்னி சாந்தியும் ஓவியர். அந்நகர் அரசவையோடு தொடர்புள்ளவர். காஸ்திலியோனே மாந்துவா பக்கத்துக்காரர் என்றாலும் உர்பினோ அரசவையில் பல ஆண்டுகள் இருந்தார். படம் தீட்டப்பட்ட காலத்தில் போப் பத்தாம் லியோவிடம் உர்பினோவின் தூதராக ரோமில் இருந்தார். ஓவியருக்கு முப்பதைக் கடந்த வயது, அமர்ந்தவருக்கு முப்பத்தாறு. இருவரும் நண்பர்கள். படத்தில் அந்த நட்பு தெரிகிறது. பதவியைக் காட்டும் சின்னமோ முத்திரையோ ஆவணமோ எதுவும் கையில் இல்லை. தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற ஒரு தளர்வு உடம்பு முழுக்க இருக்கிறது.

இதன் அமைப்பு ரஃபேல் தானாகக் கண்டுபிடித்தது அல்ல. உடலை ஒரு பக்கம் திருப்பி, முகத்தை நம் பக்கம் கொண்டுவந்து, கைகளைக் கீழே கோத்து ஒரு கோபுரம்போல உருவத்தை நிறுத்தும் முறையை அவர் லியொனார்தோவின் மோனா லிசாவிடமிருந்து எடுத்தார். ஃபுளோரன்ஸில் இளைஞராக இருந்தபோதே அந்த அமைப்பைப் பேனாவால் வரைந்து பார்த்திருக்கிறார். அந்தக் கோட்டோவியமும் இன்று லூவரில்தான் இருக்கிறது. ஆக, எல்லோரும் பிரதி எடுக்கிற இந்தப் படத்துக்குள்ளேயே பிரதி எடுத்துக் கற்ற ஒரு மாணவர் இருக்கிறார்.

படத்தில் இருப்பவரும் இதைப் பற்றி யோசித்தவர். காஸ்திலியோனே எழுதி 1528இல் வெனிஸில் வெளியான ‘அரசவையாளன்’ என்ற நூல் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. உர்பினோ அரண்மனையில் மாலை வேளைகளில் நடக்கும் உரையாடல்களாக அதை அமைத்தார். கற்கிறவன் நல்ல ஆசிரியர்களைப் போலவே செய்து பழக வேண்டும், தேனீ பல மலர்களிலிருந்து எடுப்பதுபோலப் பலரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் வரும் ஒரு கருத்து. அதைவிடப் புகழ்பெற்றது இன்னொன்று: எதைச் செய்தாலும் அதற்குப் பின்னால் உள்ள உழைப்பு தெரியாதபடி, இயல்பாக வந்ததுபோலச் செய்ய வேண்டும். ரஃபேல் இந்தப் படத்தில் செய்திருப்பது அதைத்தான். ரோமத்தின் ஓரம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கோடு கிடைக்காது. பூச்சு மெல்லியது, தூரிகை போன தடம் அதிகம் தெரியாது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால், இது எப்படிச் செய்யப்பட்டது என்பதை இந்தப் படம் நமக்குச் சொல்லவே சொல்லாது. பிரதி எடுக்க உட்கார்ந்தால்தான் அந்த மறைந்த உழைப்பு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

படத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் பாராட்டாக இல்லை. 1516இல் பியெத்ரோ பெம்போ என்ற அறிஞர் ஒரு கடிதத்தில், ரஃபேல் அப்போது தீட்டியிருந்த கவிஞர் தெபால்தேயோவின் படத்தோடு ஒப்பிட்டால், காஸ்திலியோனேயின் படம் உருவ ஒற்றுமையில் சீடப்பிள்ளை யாரோ செய்ததுபோல இருக்கிறது என்று எழுதினார். தெபால்தேயோ படம் நமக்குக் கிடைக்காமல் போய்விட்டது. பெம்போ மட்டமாக மதித்தது நிலைத்தது.

வீட்டில் அதற்கு வேறு மரியாதை இருந்தது. காஸ்திலியோனே 1516இல் இப்போலிதா தொரெல்லியை மணந்தார். தூதர் வேலையால் பெரும்பாலும் வெளியூரில்தான் இருந்தார். மனைவி தனக்கு எழுதுவதுபோல அவரே லத்தீனில் ஒரு கவிதை எழுதினார். ரஃபேல் கையால் வந்த உன் படம்தான் எனக்கு ஆறுதல், அதோடு பேசுகிறேன், சிரிக்கிறேன், பிள்ளையும் அதைப் பார்த்து அப்பாவை அடையாளம் கண்டுகொள்கிறான் என்று அதில் இப்போலிதா சொல்கிறாள். 1520இல் ஏப்ரலில் ரஃபேல் இறந்தார். அதே ஆண்டில் இப்போலிதாவும் இறந்தார். காஸ்திலியோனே 1529இல் ஸ்பெயினின் தொலேதோவில் காலமானார். படம் தன் ஓவியரையும் உரியவரையும் கடந்து பயணம் தொடங்கியது.

அடுத்த பெரிய நாள் 1639 ஏப்ரல் 9. இடம் ஆம்ஸ்டர்டாம். வெனிஸில் நெடுங்காலம் வணிகம் செய்து திரும்பிய லூகாஸ் வான் ஊஃபெலன் இறந்துபோனதால் அவர் சேர்த்த ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. கூட்டத்தில் ரெம்பிராண்ட் இருந்தார். வயது முப்பத்திரண்டு. அவர் வாழ்நாளில் இத்தாலிக்குப் போகாதவர். அன்று இத்தாலி அவர் ஊருக்கு வந்திருந்தது. பேனாவும் பழுப்பு மையும் கொண்டு சட்டென்று ஒரு சிறு படம் வரைந்தார். அது இன்று வியன்னாவின் அல்பெர்த்தினாவில் இருக்கிறது. ஓரத்தில், ரஃபேலின் இந்தப் படம் 3,500 கில்டருக்குப் போனது என்றும் மொத்தச் சேகரிப்பு 59,456 கில்டருக்குப் போனது என்றும் தன் கையாலேயே குறித்திருக்கிறார். அந்த ஜனவரியில்தான் ரெம்பிராண்ட் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கக் கையெழுத்திட்டிருந்தார். விலையைக் குறித்துக்கொண்டது ஏன் என்று புரிகிறது: ஓர் உருவப்படம் தன் வீட்டு விலையில் கால் பங்குக்கு மேல்!

ஏலத்தில் ஜெர்மானிய ஓவியர் யோவாகிம் ஃபான் சாண்ட்ரார்ட் 3,400 வரை கேட்டுப் பார்த்துத் தோற்றார். பிரெஞ்சு அரசுக்காகப் பொருள் வாங்கும் முகவராக ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆல்ஃபோன்சோ லோபெஸ் வாங்கினார். லோபெஸிடம் டிஷியனின் உருவப்படம் ஒன்றும் இருந்தது: பஞ்சு வைத்துத் தைத்த நீலக் கைச்சட்டையோடு, கல் விளிம்பின் மேல் முழங்கையை ஊன்றியிருக்கும் ஒருவர். ரெம்பிராண்ட் இரண்டையும் மனத்தில் வாங்கிக்கொண்டார். அதே 1639இல் செப்புத்தகட்டில் ஒரு தன்னுருவம் செதுக்கினார்; 1640இல் எண்ணெய் வண்ணத்தில் இன்னொன்று தீட்டினார். முழங்கை டிஷியனுடையது. அமைதியும் திரும்பிய உடம்பும் காஸ்திலியோனேயுடையவை. முகம் ரெம்பிராண்டுடையது. 1640 படம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அந்த டிஷியனும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

அந்த ஏலக் குறிப்போவியத்தை ரஃபேலின் மூலத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ரெம்பிராண்ட் தொப்பியைச் சாய்த்துவிட்டார். மூலத்தில் எல்லாம் சமநிலையில் நிற்கிறது. ரெம்பிராண்டின் கோட்டில் ஆள் துடிப்பாக, கொஞ்சம் துணிச்சலாக இருக்கிறார். அவசரத்தில் வந்த பிசகு என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு தன்னுருவத்துக்கு எது தேவையோ அதை நோக்கி அவர் கை அப்போதே நகர்ந்துவிட்டது.

ரூபன்ஸ் செய்தது வேறு. அவர் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் முழுப் பிரதியே எடுத்தார். அது லண்டனில் கோர்ட்டோல்டு கேலரியில் இருக்கிறது. ரூபன்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோதும் பிரதி எடுப்பதை விடாதவர். 1628–29இல் ராஜதந்திர வேலையாக மத்ரித் போனவர், ஸ்பெயின் மன்னரின் சேகரிப்பில் இருந்த டிஷியன் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதி எடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பதைக் கடந்துவிட்டது. ஐரோப்பாவின் அரசர்கள் வரிசையில் நின்று படம் கேட்ட மனிதர், இன்னொருவர் படத்தின் முன் மாணவராக நின்றார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிரதி எடுப்பது தொடக்க நிலைக்காரர்களுக்கான பயிற்சி என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம்.

காஸ்திலியோனேயின் கைகள் மூலத்தில் கீழ் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டாற்போல முடிகின்றன. 17ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட பிரதிகளில் கைகள் முழுதாக இருக்கின்றன. அதனால் மூலப்படத்தை யாரோ பின்னாளில் கீழே நறுக்கிவிட்டார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு நடந்த ஆய்வு, நறுக்கப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அப்படியானால் பிரதி எடுத்தவர்கள்தான் பொறுக்கமாட்டாமல் கைகளை முடித்து வைத்திருக்கிறார்கள். ரஃபேல் விட்ட இடத்தில் விட முடியாமல் போனது அவர்களுக்கு. கற்கிறவர் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். கைகளை முழுதாகப் போட்டுவிட்டால் பார்வை அங்கே இறங்கிவிடும்; விளிம்பில் பாதி மறைந்தால் பார்வை திரும்ப முகத்துக்கு ஏறும். ஒரு முறை இரண்டையும் வரைந்து பார்த்தால்தான் ரஃபேல் ஏன் விட்டார் என்பது உடம்புக்குப் புரியும்.

இன்று இதைப் பிரதி எடுக்க உட்காருகிறவர் முதலில் கான்வாஸை வெள்ளையாக விடக் கூடாது. வெள்ளைத் துணியின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் கறுத்தே தெரியும், கண் ஏமாறும். பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு மெல்லிய பூச்சை முழுக்கத் தடவிக் காயவிட வேண்டும். அப்போதுதான் அதைவிட வெளிச்சமானது எது, இருண்டது எது என்று இரண்டு பக்கமும் அளக்க முடியும். பிறகு கோட்டு வேலை. கட்டம் போட்டு அளந்து மாற்றுவதில் எந்தக் குறையும் இல்லை. பழைய பட்டறைகள் செய்த வேலைதான் அது. ஆனால் கட்டத்தை நம்பிக் கண்ணை மூடிவிடக் கூடாது. காஸ்திலியோனேயின் தொப்பி எவ்வளவு அகலம் என்று அளந்தால், தலை நாம் நினைத்ததைவிடச் சிறியது என்பது தெரியவரும்.

அதன்மேல் நிறமே இல்லாமல், பழுப்பு அம்பர் ஒன்றை மட்டும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஒளியையும் நிழலையும் முழுப் படத்துக்கும் போட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் பொறுமை இழக்கிறார்கள். முகத்துக்கு நிறம் கொடுக்கக் கை துடிக்கும். ஆனால் முகம் முகமாகத் தெரிவது நிறத்தால் அல்ல, வெளிச்ச அளவால். கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தால் நிறம் மங்கி, ஒளி அளவு மட்டும் மிஞ்சும். அப்படிப் பார்க்கும்போது காஸ்திலியோனேயில் மூன்றே பெரிய அளவுகள்தான்: கறுப்பு, நடுத்தரப் பின்னணியோடு ரோமம், வெளிச்சமாக முகமும் வெள்ளைத் துணியும். அந்த மூன்றும் சரியாக அமைந்தால் மூக்கும் வாயும் இல்லாமலே ஆள் அடையாளம் தெரிவார்.

அம்பரை முதலில் போடுவதற்கு வேதியியல் காரணமும் உண்டு. ஆளி விதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பரில் உள்ள மாங்கனீசு அந்த வேலையை வேகப்படுத்தும். எலும்புக் கறுப்பு மெதுவாகத்தான் காயும். சீக்கிரம் காய்கிற, எண்ணெய் குறைந்த பூச்சு கீழே. எண்ணெய் மிகுந்த, தாமதமாகக் காய்கிற பூச்சு மேலே. இந்த வரிசையை மாற்றினால் மேல்தோல் இறுகிய பின்னும் கீழே அசைந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் படம் வெடிக்கும்.

அடுத்து, இந்தப் படத்தின் உண்மையான பாடம்: கறுப்பு. தொப்பியின் கறுப்பும் சட்டையின் கறுப்பும் ஒன்றல்ல. ஒன்றில் கொஞ்சம் பழுப்பு கூடுதல், இன்னொன்று குளிர்ந்தது. வெளிச்சம் படும் இடத்தில் மூன்றாவது கறுப்பு வருகிறது. குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசினால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். அணில் ரோமத்தில் இன்னொரு வியப்பு. அது நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். நீலத்தைத் தேடிப் போக வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை அந்த வெதுவெதுப்பான மண் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தாலே கண் அதை நீலமாகப் படிக்கும். பக்கத்து நிறம்தான் ஒரு நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பதை எத்தனை புத்தகத்தில் படித்தாலும், பேலட்டில் அழுக்காகக் கிடந்த சாம்பல் கான்வாஸில் ரோமமாக மாறுவதைத் தன் கையால் செய்து பார்த்தவருக்கு அது மறக்காது.

முகத்துக்கு வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கொஞ்சம் அம்பர் போதும். ரஃபேல் காலத்து வெள்ளை ஈயத்தால் ஆனது. நச்சு என்பதால் இன்று பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளைதான் பயன்படுத்துகிறோம். அது ஈய வெள்ளையைவிடக் கூடுதலாக மறைக்கும், குளிர்ச்சியாகவும் தெரியும். ஆகவே கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். விழி வெண்மையை உண்மையில் வெள்ளையாகப் போடுவது எல்லோரும் செய்யும் பிழை. அது சாம்பல்தான், இமையின் நிழலில் இருக்கிறது. தாடியை ஒவ்வொரு முடியாக இழுக்கவும் கூடாது. கன்னமும் தாடியும் சந்திக்கும் ஓரத்தை ஈரமாக இருக்கும்போதே ஒன்றுக்குள் ஒன்று கரையவிட்டு, இரண்டோர் இடத்தில் மட்டும் முடியைக் காட்டினால் போதும். மற்றதைப் பார்ப்பவர் கண் முடித்துக்கொள்ளும்.

லோபெஸிடமிருந்த படம் பிறகு கார்தினால் மஸாரின் கைக்குப் போனது. 1661இல் மஸாரின் இறந்ததும் அவர் வாரிசுகளிடமிருந்து பதினான்காம் லூயி வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1793இல் லூவர் பொதுமக்களுக்குத் திறந்தது. அப்போதிருந்தே ஓவியர்கள் ஈசலோடு உள்ளே வந்து பிரதி எடுக்க இடம் கிடைத்தது. அரசனின் சுவரிலிருந்த படம் மாணவர்களின் படமானது இப்படித்தான்.

1890களில் அந்த மாணவர்களில் ஒருவர் ஹென்றி மத்தீஸ். அவருடைய ஆசிரியர் குஸ்தாவ் மொரோ தன் மாணவர்களை லூவருக்கு அனுப்புகிறவர். மத்தீஸ் பத்தாண்டுக்கு மேல் அங்கே பிரதி எடுத்தார்: ஷார்தேன், பூசேன், டி ஹேம், ரஃபேலின் காஸ்திலியோனே. அரசு பிரதிகளை விலைக்கு வாங்கும் என்பதால் அதில் கொஞ்சம் பணமும் வந்தது. அப்பட்டமாக மூலத்தைப் போலவே இருப்பவற்றைத்தான் தேர்வுக்குழு விரும்பியது என்றும், தான் உணர்ச்சியைப் பிடிக்க முயன்றவை விலை போகவில்லை என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1893இல் அடக்கமாகப் பிரதி எடுத்த டி ஹேமின் உணவு மேசைப் படத்தை 1915இல் மீண்டும் எடுத்து, கோடும் கட்டமுமாக உடைத்து முற்றிலும் தன்னுடையதாகத் தீட்டினார். முதல் பிரதி இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1911 ஆகஸ்ட் 21 அன்று லூவரிலிருந்து மோனா லிசா திருடுபோனது. மறுநாள் காலை, சுவர் காலியாக இருப்பதைக் கண்டு கேள்வி எழுப்பியவர் லூயி பெரூ என்ற ஓவியர். மோனா லிசா மாட்டியிருக்கும் அந்தக் கூடத்தையே படமாகத் தீட்ட வந்தவர் அவர். காவலர்கள், புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஈசலோடு தினமும் வருகிறவருக்குத்தான் ஒரு படம் இல்லாதது உறுத்தியது. காலியான அந்த இடத்தில் பிறகு மாட்டப்பட்டது எது தெரியுமா? காஸ்திலியோனே. தன் அமைப்பை யாரிடம் கற்றதோ அவருடைய ஆணியிலேயே, மோனா லிசா 1914இல் திரும்பும் காலத்தை ஒட்டி வரை, அது தொங்கியது.

ரஃபேல் மறைந்த ஐந்நூறாவது ஆண்டான 2020இல் ரோமில் குயிரினாலே அரண்மனைக் குதிரை லாய மண்டபத்தில் நடந்த பெரும் கண்காட்சிக்கு லூவர் இந்தப் படத்தை அனுப்பியது. தீட்டப்பட்ட நகரத்துக்குப் படம் வந்தது. மார்ச் 5இல் திறந்த கண்காட்சியைக் கொரோனா சில நாளில் மூடியது. ஜூனில் மீண்டும் திறந்தார்கள்.

லூவரில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 250 பேருக்குப் பிரதி எடுக்க அனுமதி தருகிறார்கள். ஈசலும் முக்காலியும் அருங்காட்சியகமே கொடுக்கும். மூன்று மாத அவகாசம். காலை நேரம் மட்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. பிரதி மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். போலிகளைத் தடுக்க வந்த விதி இது. ஆனால் கற்பவருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. அளவு மாறினால் மூலத்தின்மேல் தாளை வைத்து எடுத்ததுபோல எதையும் மாற்ற முடியாது; கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒவ்வொன்றாக விகிதம் பார்த்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். லூவருக்குப் போக முடியாமல், அச்சிட்ட படத்தையோ திரையையோ வைத்து வீட்டில் பிரதி எடுக்கிறவர்களும் இதே விதியைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம். 82 சென்டிமீட்டரை 65 ஆக்கிக்கொள்ளுங்கள், அகலத்தை 53 ஆக்குங்கள். முதல் பிரதியில் கைகளை ரஃபேல் விட்ட இடத்திலேயே விடுங்கள்.